மூன்றாம் ஆண்டின் எடை

எடை குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒருவரைக் கல்யாண மண்டபத்தில் பார்த்துவிட்டால் நம்மவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "எத்தன கிலோ கொறஞ்சிருக்கு?" முதல் வருடம் இந்தக் கேள்வி இனிக்கும். இருபத்தைந்து, முப்பது என்று சொல்லும்போதே குரலில் தெம்பு ஏறும். மூன்றாம் வருடம் அதே கேள்வி வரும்போது பதில் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. குறைந்ததில் நாலைந்து கிலோ திரும்பியிருக்கும். அதை வெளியே சொல்ல வெட்கம். தராசில் ஏறினால் டாக்டர் ஏதாவது சொல்வாரோ என்று கிளினிக் தவணைக்குப் போவதையும் பலர் மெல்ல நிறுத்திவிடுகிறார்கள். மருத்துவக் கண்காணிப்பு மிகவும் தேவைப்படும் காலத்தில்தான் ஆட்கள் காணாமல் போகிறார்கள்.

அந்த நாலைந்து கிலோ பெரும்பாலும் தோல்வியே அல்ல. உடல் தனக்கென்று ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்வதன் அடையாளம் அது. அந்த இடம் நலமான இடமா, எச்சரிக்கையான இடமா என்று எதை வைத்துப் பார்ப்பது? தராசு மட்டும் அதைச் சொல்லாது.

இது நம் வீட்டு விஷயம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 50.1 விழுக்காட்டினருக்குக் கூடுதல் எடை அல்லது உடற்பருமன் இருந்தது. மலேசிய இந்தியர்களிடம் மட்டும் 63.9 விழுக்காடு, இனவாரியாகப் பார்த்தால் அதுவே முதலிடம். இனிப்பு நீரிலும் (நீரிழிவு) அப்படித்தான்: நாட்டின் அளவு 18.3 விழுக்காடு, இந்தியர்களிடம் 31.4. 2023-ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டின் கூடுதல் எடைக் கணக்கு 54.4 விழுக்காட்டுக்கு ஏறியது. அறுவை சிகிச்சை ஒரு காலத்தில் பணக்காரர்களின் சமாச்சாரமாகத் தெரிந்தது. இன்று மலாயா பல்கலைக்கழக மருத்துவமனை, செராஸில் உள்ள தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை போன்ற இடங்களிலும் செய்யப்படுகிறது. தனியாரிடம் போனால் பல்லாயிரம் ரிங்கிட் ஆகும், மருத்துவக் காப்புறுதி பெரும்பாலும் கைகொடுக்காது. அவ்வளவு பணமும் வலியும் போட்டவர், எடை ஒரு கிலோ ஏறினாலும் பதறுவதில் வியப்பில்லை.

இரண்டு வகை அறுவை சிகிச்சைகள் அதிகம் நடக்கின்றன. ஒன்று ஸ்லீவ். இரைப்பையில் முக்கால் பங்குக்கும் மேலே வெட்டியெடுத்து, மிச்சத்தை ஒரு குழாய் போல விட்டுவிடுவது. மற்றது பைபாஸ். இந்தப் பெயரைக் கேட்டதும் நம் வீட்டுப் பெரியவர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள், ஆனால் இதயத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இரைப்பையின் மேற்பகுதியில் சுமார் 30 மில்லிலிட்டர் கொள்ளும் சிறு பையைப் பிரித்து, அதைச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு நேரே இணைப்பார்கள். உணவு இரைப்பையின் பெரும்பகுதியையும் குடலின் தொடக்கத்தையும் தொடாமலே கடந்துவிடும்.

இடம் சிறிதானதால் சாப்பாடு குறைகிறது என்பது பாதிக் கதை. பசியைக் கிளப்பும் கிரெலின் என்ற ஹார்மோன் 1999-இல் ஜப்பானில் கண்டுபிடிக்கப்பட்டது. அது அதிகமாகச் சுரப்பது இரைப்பையின் மேல் வளைவில். ஸ்லீவில் அந்த வளைவே போய்விடுகிறது. கூடவே, போதும் என்று மூளைக்குச் சொல்லும் ஜி.எல்.பி-1 போன்ற குடல் ஹார்மோன்கள் கூடுகின்றன. முதல் சில மாதங்களில் "பசியே எடுக்கல, நேரம் பாத்துதான் சாப்பிடுறேன்" என்று பலர் சொல்வது இதனால்தான். அந்த மாதங்களில் உடலுக்குள் போவது ஒரு நாளைக்கு ஆயிரம் கலோரிக்கும் கீழே. எடை சரசரவென்று இறங்கும்.

ஆனால் உடல் சும்மா இருக்காது. எடை குறையக் குறைய, சும்மா உட்கார்ந்திருக்கும்போது அது எரிக்கும் கலோரியும் குறைகிறது. நூறு கிலோ உடலைத் தூக்கிக்கொண்டு அரை மணி நேரம் நடப்பதற்கும் எழுபது கிலோ உடலோடு நடப்பதற்கும் செலவு ஒன்றல்ல. மறுபுறம், புண் ஆறி, குழாய் கொஞ்சம் நெகிழ்ந்து, பசி மெதுவாகத் திரும்பி, சாப்பாட்டின் அளவு மாதம் மாதம் ஏறும். இறங்கும் செலவும் ஏறும் வரவும் சந்திக்கும் இடத்தில் எடை நின்றுவிடுகிறது. பெரும்பாலும் பன்னிரண்டாம் மாதத்துக்கும் இருபத்து நான்காம் மாதத்துக்கும் இடையில் எடை தன் அடிமட்டத்தைத் தொடும். அங்கிருந்து கொஞ்சம் ஏறித்தான் நிலைக்கும்.

எவ்வளவு ஏறும்? இதில் மிக நீண்ட காலம் ஆட்களைப் பின்தொடர்ந்தது 1987-இல் தொடங்கிய சுவீடன் ஆய்வு. அதன் 2007-ஆம் ஆண்டு முடிவுகளில், பைபாஸ் செய்தவர்கள் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் மொத்த எடையில் 32 விழுக்காடு வரை இழந்தார்கள். பத்தாம் ஆண்டில் அது 25 விழுக்காட்டில் நின்றது. அதாவது சராசரி நோயாளியே குறைந்ததில் ஒரு பங்கைத் திரும்பப் பெற்றிருக்கிறார். இருந்தும் அதே ஆய்வில், அறுவை சிகிச்சை செய்தவர்களின் இறப்பு, செய்யாதவர்களைவிடக் குறைவாகவே இருந்தது. அமெரிக்காவில் பைபாஸ் செய்தவர்களைப் பின்தொடர்ந்து 2018-இல் வெளியான ஆய்வு இன்னும் நுணுக்கமானது. அடிமட்டத்தைத் தொட்ட பிறகு ஐந்து ஆண்டுகளில், இழந்த எடையில் கால் பங்குக்குச் சற்று மேலே திரும்பியது, அதுவே நடுத்தர அளவு. பாதிப் பேருக்கு அதைவிடவும் கூடுதல். ஆகவே ஐந்து கிலோ ஏறியவரை "பழையபடி திங்க ஆரம்பிச்சிட்டா" என்று சொல்லும் சித்திக்கு இந்தக் கணக்கைக் காட்டலாம். கேட்பாரா என்பது வேறு விஷயம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது துலங்கும். கோலாலம்பூரின் செந்தூலில் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். உயரம் 160 சென்டிமீட்டர், அறுவைக்கு முன் எடை 108 கிலோ, உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்ணான பி.எம்.ஐ. 42. ஒன்றரை ஆண்டில் மொத்த எடையில் 30 விழுக்காடு குறைகிறது. அறுவை சிகிச்சை உலகில் இது நல்ல தேர்ச்சி. இப்போது எடை 75.6 கிலோ, பி.எம்.ஐ. 29.5. மலேசிய மருத்துவ வழிகாட்டுதலில் 23-க்கு மேல் கூடுதல் எடை, 27.5-க்கு மேல் உடற்பருமன். ஆக, முப்பத்திரண்டு கிலோவை இறக்கிய பிறகும் கிளினிக் சுவரில் தொங்கும் அட்டவணை இவரைப் பார்த்து "உடற்பருமன்" என்றே சொல்கிறது. அட்டவணைப்படி "சரியான" எடைக்கு வர இவர் 59 கிலோவுக்கும் கீழே இறங்க வேண்டும், அதாவது இருந்த எடையில் 45 விழுக்காட்டை இழக்க வேண்டும். ஸ்லீவ் செய்த பெரும்பாலோர் அந்த அளவை எட்டுவதே இல்லை.

அடுத்த மூன்று ஆண்டுகளில் இவருக்கு 5 கிலோ ஏறுகிறது என்போம். 80.6 கிலோ. "குறைந்த எடையில் 15 விழுக்காடு திரும்பிவிட்டது" என்று ஒருவர் சொல்லலாம். "தொடக்க எடையில் இன்னும் 25 விழுக்காடு குறைவாகவே இருக்கிறார்" என்று இன்னொருவர் சொல்லலாம். இரண்டும் உண்மை. எந்த வாக்கியத்தோடு இவர் வீட்டுக்குப் போகிறாரோ அதைப் பொறுத்துத்தான் அடுத்த தவணைக்கு வருவார், அல்லது வரமாட்டார். எண்ணைச் சொல்லும் விதத்திலும் மருத்துவம் இருக்கிறது என்று நினைக்கிறேன். அறுவை முடிந்தவர்களுக்கு 23 என்ற எண்ணை இலக்காக நீட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. அது மக்கள் தொகைக்கு எச்சரிக்கை மணி அடிக்க வைத்த எண். ஒருவருடைய உடல் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்வதற்காக வைத்ததல்ல.

அதற்காக அந்த எண்ணை வீண் என்று தூக்கிப்போடவும் முடியாது. ஆசியர்களுக்கு அளவு ஏன் இறக்கப்பட்டது என்றால், நம் உடல் குறைந்த எடையிலேயே அதிகக் கொழுப்பைச் சுமக்கிறது. 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் புணேயைச் சேர்ந்த யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த யுட்கின் என்ற இரண்டு மருத்துவர்கள் தங்கள் படத்தையே அருகருகே வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. ஆனால் வெள்ளையரான யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, இந்தியரான யாஜ்னிக்கின் உடலில் 21.2. பார்வைக்கு மெலிந்தவர், உள்ளே கொழுப்பு மிகுந்தவர். இங்கிலாந்தில் 2021-இல் வெளியான பெரிய ஆய்வு இதையே இனிப்பு நீர்க் கணக்காகச் சொன்னது: வெள்ளையர்களுக்கு பி.எம்.ஐ. 30-இல் வரும் ஆபத்து, தெற்காசியர்களுக்கு 23.9-இலேயே வந்துவிடுகிறது.

ஆகவே செந்தூல் பெண்ணுக்கு 80 கிலோ நல்ல எடையா என்ற கேள்விக்குத் தராசிடம் பதில் இல்லை. அவருடைய ரத்தத்திலும் இடுப்பிலும் தூக்கத்திலும் தேட வேண்டும். மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கான எச்.பி.ஏ.1.சி. எங்கே இருக்கிறது? ரத்த அழுத்த மாத்திரை குறைந்ததா? கல்லீரலில் கொழுப்பு வடிந்ததா? குறட்டையும் தூக்கத்தில் மூச்சடைப்பும் நின்றதா? முட்டி வலி இல்லாமல் எல்.ஆர்.டி. ரயில் நிலையப் படியில் ஏற முடிகிறதா? இடுப்புச் சுற்றளவு பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர், ஆணுக்கு 90 என்ற கோட்டை நோக்கி வருகிறதா? 2025 ஜனவரியில் லான்செட் அமைத்த நிபுணர் குழுவும் இந்தப் பக்கமே வந்து நின்றது. பி.எம்.ஐ.யை மட்டும் வைத்து நோய் என்று சொல்லாதீர்கள், உறுப்புகள் கெட்டிருக்கின்றனவா, அன்றாட வாழ்க்கை தடைபடுகிறதா என்று பாருங்கள் என்றது. கனடாவின் உடற்பருமன் மருத்துவர்கள் சிலர் இதை இன்னும் எளிதாகச் சொல்வார்கள்: ஒருவர் மனமொப்பித் தொடர்ந்து வாழக்கூடிய நலமான வாழ்க்கையில் உடல் எந்த எடையில் நிற்கிறதோ, அதுவே அவருக்கு ஏற்ற எடை. வாரம் ஆறு நாள் பட்டினி கிடந்து பிடித்து வைக்கும் 68 கிலோவைவிட, நிம்மதியாகச் சாப்பிட்டு நடந்து நிற்கும் 76 கிலோ மேல்.

"நிற்பது" என்றால் ஒரே எண்ணில் ஒட்டிக்கொண்டிருப்பது அல்ல. இரண்டு மூன்று கிலோ அகலமுள்ள ஒரு பட்டை. மாதவிலக்கு, உப்பு, மலச்சிக்கல் எல்லாம் அதற்குள்ளேயே ஆடும். தினமும் தராசில் ஏறிப் பதறுவதைவிட, வாரம் ஒரு முறை, காலையில், வெறும் வயிற்றில் பார்த்துக் குறித்து வைப்பது போதும். நம் ஊரில் தீபாவளியில் தொடங்கி கிறிஸ்துமஸ், சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள் என்று திறந்த இல்ல உபசரிப்பு ஓயாது. அந்தப் பருவத்தில் பட்டையின் மேல் விளிம்பை ஒரு முறை தொட்டுவிட்டு வருவது சகஜம். விளிம்பைத் தாண்டி மூன்று மாதம் தொடர்ந்து ஏறினால்தான் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

எடை ஏறுகிறவர்களிடம் விசாரித்தால் "நான் சாப்பிடுறதே கொஞ்சம்தான்" என்பார்கள். பொய் சொல்லவில்லை. ஒரு வேளைச் சாப்பாடு கொஞ்சம்தான். இரண்டு வாய்க்கு மேல் கோழி இறங்காது, சப்பாத்தி நெஞ்சில் நிற்கும். ஆனால் முறுக்கு இறங்கும். மிக்ஸர் இறங்கும். தேநீரில் நனைத்த கிரீம் கிராக்கர் கரைந்து வழுக்கிக்கொண்டு ஓடும். ஸ்லீவ் தடுப்பது கெட்டியான உணவை, கரைவதையும் ஓடுவதையும் அல்ல. புரதம் உள்ள கெட்டி உணவு சங்கடம் தரும்போது கை தானாக மென்மையான மாவுப் பண்டத்தை நோக்கிப் போகும். காலை பத்து மணிக்குக் கொஞ்சம், மூன்று மணிக்குக் கொஞ்சம், டிவி முன்னால் கொஞ்சம் என்று நாள் முழுக்கக் கொறித்தால், வயிறு ஒரு முறையும் நிறையாமலே கலோரி நிறைந்துவிடும். ஸ்லீவ் செய்தவர்களுக்கு நெஞ்செரிச்சல் வந்தால் இது இன்னும் கூடும். பின்லாந்தில் நடந்த ஓர் ஒப்பீட்டில் பத்தாம் ஆண்டில் ஸ்லீவ் செய்தவர்களில் 31 விழுக்காட்டினருக்கு உணவுக்குழாய் அழற்சி இருந்தது, பைபாஸில் 7 விழுக்காடு. ஆகவே "நாக்கைக் கட்டு" என்று அறிவுரை சொல்வதற்கு முன், எரிச்சல் இருக்கிறதா என்று கேட்பது உருப்படியான காரியம்.

குடிப்பதில்தான் மலேசியர்கள் அதிகம் மாட்டிக்கொள்கிறோம். மாமாக் கடையில் கெட்டிப் பால் ஊற்றி இழுத்த தே தாரிக் தேநீர் ஒரு நாளைக்கு மூன்று கிளாஸ் என்றால், வெட்டியெடுத்த இரைப்பையால் அதைத் தடுக்க ஒன்றும் செய்ய முடியாது. பினாங்கு வெயிலில் ஒரு கிண்ணம் சென்டோல், மாலையில் மைலோ, எல்லாம் இதே கணக்கு. "குராங் மானிஸ்" (இனிப்பு குறைவாக) என்று சொல்லிப் பழகியவர்கள் ஒரு படி முன்னே போய் "தே ஓ கோசோங்" (பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர்) என்று கேட்கலாம். முதல் வாரம் நாக்கு கோபித்துக்கொள்ளும், பிறகு ஒத்துக்கொள்ளும். இரும்புச் சத்து மாத்திரையைத் தேநீரோடு போடுகிறவர்கள் கவனிக்க: தேயிலை இரும்பை உறிஞ்ச விடாது. கால்சியம் மாத்திரையையும் இரும்பையும் இரண்டு மணி நேரம் தள்ளிப் போட வேண்டும்.

பைபாஸ் செய்தவர்களுக்கு இனிப்பு வேறொரு வழியிலும் வம்பு செய்யும். சர்க்கரை குடலுக்குள் சட்டென்று கொட்டும்போது வியர்வை, படபடப்பு, வயிற்றோட்டம் வரலாம். அது உடனே நடப்பது. இன்னொன்று, சாப்பிட்டு ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் வருவது. இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரந்து சர்க்கரை தடாலென்று இறங்கும். கை நடுங்கும், கண் இருட்டும். பயந்துபோய் ஒரு மிட்டாயை வாயில் போட்டால் உடனே சரியாகும், ஆனால் அந்த மிட்டாயே அடுத்த இறக்கத்தைக் கொண்டுவரும். அடிக்கடி இப்படி நடந்தால் மயக்கத்துக்கு மருந்தாக நாள் முழுக்க இனிப்பு தின்னும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும். எடை ஏறியதற்கு இதுவே காரணம் என்று கண்டுபிடிக்கப்படாமல் வருடக்கணக்கில் திட்டு வாங்குகிறவர்கள் உண்டு. சோறு, ரொட்டி அளவைக் குறைத்து, புரதத்தை முதலில் சாப்பிடுவதே முதல் சிகிச்சை. அதற்கும் அடங்காவிட்டால் மருந்து இருக்கிறது.

புரதம் என்றதும் டப்பாவில் விற்கும் மாவு நினைவுக்கு வருகிறது. அவசியமில்லை. நாளுக்கு 60 முதல் 80 கிராம் வேண்டும் என்பது வழக்கமான அளவு. இரண்டு முட்டையில் 12 கிராம். நூறு கிராம் கெம்போங் மீனில் (கானாங்கெளுத்தி) ஏறக்குறைய 20. சோயாவைப் புளிக்கவைத்துச் செய்யும் தெம்பேயில் நூறு கிராமுக்கு 19 அளவில் இருக்கும், நம் சமையலறைகளில் தெம்பே சம்பல் புதிதும் அல்ல. மிச்சத்தைத் தயிரும் பருப்பும் பார்த்துக்கொள்ளும். சைவர்களுக்குத்தான் கொஞ்சம் பாடு. சாம்பாரில் பருப்பு இருக்கிறது என்று நம்பிக்கொள்வார்கள், ஒரு கரண்டி சாம்பாரில் இருப்பது தண்ணீரும் வெண்டைக்காயும். தோஃபு, தெம்பே, கொண்டைக்கடலை, பால் என்று திட்டமிட்டுச் சாப்பிட வேண்டியிருக்கும். சைவர்களுக்கு பி12 ஏற்கெனவே குறைவாக இருக்கும், அறுவைக்குப் பிறகு அது இன்னும் குறையும், மாத்திரையோ ஊசியோ ஆயுளுக்கும் வேண்டும். பங்சாரிலோ பிரிக்பீல்ட்ஸிலோ வாழையிலைக் கடையில் உட்காரும்போது முதலில் சோறு மலையாக விழும். "அண்ணே, சோறு ஒரு கரண்டி போதும், மீன் முதல்ல வைங்க" என்று சொன்னால் ஒருவரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

புரதத்தில் இவ்வளவு கறார் ஏன் என்றால், அறுவைக்குப் பிறகு இழக்கும் எடையில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ தசையும் கொழுப்பில்லாத திசுவும். ஏற்கெனவே தசை குறைவான நம் உடலுக்கு இது பெரிய நஷ்டம். தசைதான் ஓய்விலும் கலோரி எரிப்பது, சாப்பிட்ட சர்க்கரையை வாங்கிக்கொள்வதும் அதுவே. நடை மட்டும் போதாது, எடை தூக்கும் பயிற்சி வாரம் இரண்டு மூன்று நாள் சேர வேண்டும். தித்திவாங்சா ஏரியைச் சுற்றுகிறவர்கள் வீட்டில் பத்து நிமிடம் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து பழகலாம். பத்துமலையில் 272 படி. பினாங்கில் தண்ணீர்மலை முருகன் கோவிலுக்கு 513 படி, காலை ஆறரைக்கே ஏறுகிறவர்கள் உண்டு. பக்தியும் தொடைத் தசையும் ஒன்றாக வளரும் இடம் அது.

விரத காலம் வேறு ஒரு சிக்கல். தைப்பூசத்துக்கு 48 நாள் விரதம், ஒரு வேளைச் சாப்பாடு, சைவம் என்று இருப்பது, பெரிய வயிறு உள்ளவருக்குச் சாத்தியம். ஒரு வேளைக்கு ஒரு கிண்ணம் மட்டும் கொள்ளும் வயிற்றுக்கு அது நேரடியாகப் புரதப் பஞ்சமும் நீர்ப் பஞ்சமும் ஆகிவிடும். முதல் ஒன்றரை ஆண்டில் வேண்டாம் என்பதே பாதுகாப்பு. பிறகு இருப்பதானால் மூன்று சிறு வேளை, பால், தயிர், தெம்பே என்று பிரித்து வைத்துக்கொண்டு சைவ விரதமாக இருக்கலாம். முருகன் வேளையை எண்ணிக்கொண்டிருக்கமாட்டார்.

எடை ஏறுவதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், மறுமுனையும் இருக்கிறது. "என்னடி இப்படி வத்திப் போயிட்ட, இனிப்பு நீரா?" என்று கேட்கும் உறவினர்கள் உண்டு. முகத்தில் கொழுப்பு வடியும்போது கன்னம் ஒட்டி, கழுத்துத் தோல் தொங்கி, ஆள் நோயாளி போலத் தெரிவது உண்மை. முதல் ஆறு மாதத்தில் முடி கொட்டுவதும் சேர்ந்துகொள்ளும், அது பெரும்பாலும் திரும்ப முளைத்துவிடும். இந்தத் தோற்றத்தைப் பார்த்து அம்மாக்கள் நெய்ச்சோறு ஊட்ட ஆரம்பிப்பார்கள். முகம் ஒட்டுவது ஆபத்து அல்ல. ஆபத்துக்கு வேறு அடையாளங்கள்: இரண்டாம் ஆண்டைத் தாண்டியும் எடை இறங்கிக்கொண்டே போவது, பி.எம்.ஐ. 18.5-க்குக் கீழே விழுவது, காலில் நீர் கோத்து வீங்குவது, மாடிப்படி ஏற முடியாத சோர்வு. எல்லாவற்றையும்விட அவசரமானது விடாத வாந்தி. வாரக்கணக்கில் வாந்தி எடுத்து, நடை தள்ளாடி, பார்வை இரண்டாகத் தெரிந்தால் அது வைட்டமின் பி1 குறைபாடாக இருக்கக்கூடும். அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். நாள் கடத்தினால் மூளைக்கு நிலையான சேதம் வரும்.

மதுவைப் பற்றிச் சுருக்கமாக. அறுவைக்குப் பிறகு, குறிப்பாக பைபாஸுக்குப் பிறகு, ஒரு குவளை பீர் முன்னைவிட வேகமாக ஏறும். அமெரிக்காவில் 2012-இல் வெளியான ஆய்வில் மதுப் பழக்கச் சிக்கல் அறுவை முடிந்த உடனே ஏறவில்லை, இரண்டாம் ஆண்டில்தான் ஏறியது. சாப்பாட்டில் கிடைத்த ஆறுதல் பறிபோனவர் வேறெங்காவது தேடுவார். நம் குடும்பங்களில் இதைச் சொல்வதற்கு ஆளில்லை.

எடை பட்டையைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் என்ன செய்வது? முதலில் காரணம். தைராய்டு, மாதவிடாய் நிற்கும் பருவம், மன அழுத்தம், தூக்கமின்மை, இரவு ஷிப்ட். எடை ஏற்றும் மருந்துகளும் உண்டு: ஸ்டீராய்டு, இன்சுலின், சில மனநல மருந்துகள். அவற்றை நீங்களே நிறுத்தக் கூடாது, மாற்று இருக்கிறதா என்று கேட்கலாம். இவை சரியாக இருந்தும் ஏறினால் எண்டோஸ்கோப்பி, எக்ஸ்ரே எடுத்து இரைப்பையின் வடிவம் மாறியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். மறு அறுவை சிகிச்சை உண்டு, ஸ்லீவை பைபாஸாக மாற்றுவது வழக்கம். ஆனால் முதல் அறுவையைவிடச் சிக்கல் கூடுதல் என்பதால் அதற்கு முன் மருந்தை முயல்வது இப்போது பரவலாகிவருகிறது. 2023-இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், அறுவைக்குப் பிறகும் எடை போதிய அளவு குறையாதவர்களுக்கு, ஜி.எல்.பி-1 ஹார்மோனைப் போல வேலை செய்யும் லிராகுளுடைட் ஊசி போட்டார்கள். 24 வாரத்தில் எடை சராசரியாக 8.8 விழுக்காடு குறைந்தது, வெற்று ஊசி போட்டவர்களுக்கு 0.5. செமாகுளுடைட், டிர்செபடைட் என்று அதன் பின்வந்தவை இன்னும் வலுவானவை. நிறுத்தினால் எடை திரும்ப ஏறும் என்பதையும், மாதச் செலவையும் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும்.

பாசார் மாலாமிலும் (இரவுச் சந்தை) வாட்ஸ்ஆப்பிலும் விற்கும் மெலியும் காப்பி, மூலிகை மாத்திரை பக்கம் மட்டும் போகாதீர்கள். சிபுட்ரமின் என்ற மருந்து இதய ஆபத்தால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 2010-இல் திரும்பப் பெறப்பட்டது. மலேசிய சுகாதார அமைச்சு இப்படிப்பட்ட பொருள்களில் அதைத் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. பைபாஸ் செய்தவர்கள் போன்ஸ்தான், வோல்டரன் வகை வலி மாத்திரைகளையும் தவிர்க்க வேண்டும். இணைப்பு இடத்தில் புண் வரும். பக்கத்துக் கிளினிக்கில் பல்வலிக்குப் போனாலும் "எனக்கு வயித்துல பைபாஸ் பண்ணிருக்கு டாக்டர்" என்று முதலில் சொல்லிவிட வேண்டும்.

அறுவை செய்த மருத்துவமனையின் தவணை முடிந்துபோனவர்கள், அல்லது வெளிநாட்டில் செய்துகொண்டு வந்தவர்கள், எங்கே போவது என்று தெரியாமல் நிற்கிறார்கள். வீட்டுக்கு அருகில் உள்ள அரசு சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 ரிங்கிட். அறுவைச் சுருக்கக் கடிதத்தின் நகலோடு, தொடக்க எடை, அடிமட்ட எடை, இன்றைய எடை ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். ஹீமோகுளோபின், இரும்புச் சேமிப்பு, பி12, வைட்டமின் டி, கால்சியம், எச்.பி.ஏ.1.சி., கல்லீரல் கணக்கு ஆகியவற்றை வருடம் ஒரு முறை பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். அங்கே செய்ய முடியாததற்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கேட்கலாம். குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் அறுவை முடிந்து 12 முதல் 18 மாதம் தள்ளிப்போட வேண்டும், எடை நின்ற பிறகு என்றால் இன்னும் நல்லது. எடை குறையும்போது கருத்தரிக்கும் வாய்ப்பு கூடிவிடும் என்பதால் கருத்தடையைப் பற்றி அறுவைக்கு முன்னமே பேசிவிட வேண்டும். பைபாஸ் செய்தவர்களுக்கு கருத்தடை மாத்திரை சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம், ஆகவே வேறு முறைகளைப் பற்றியும் அந்தத் தவணையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.